இடது முன் சக்கரம்

போல்ட் கழன்று வந்துவிட்டது. துருவேறி இறுகியிருக்கும், அசையாது, அதோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போய்விடும், அதற்குள் பிரேக் இன்ஸ்பெக்டரின் ஜீப் உள்ளே வந்துவிடும், அப்புறம் தன் கையில் ஒன்றுமில்லை என்று ஒரு நப்பாசை வெள்ளியங்கிரிக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை போல்ட் அவன் உயிரை வாங்கியிருக்கிறது. இன்றைக்குப் பார்த்து இரண்டே சுற்றில் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சரி, போல்ட் வந்தால் ஆச்சா, சென்சார் வரவேண்டுமே. இடது முன் சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஜாக்கி மேல் நின்ற வேனுக்குப் பக்கத்தில் நனைந்த தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். சென்சார் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக், அதன் பின்னால் ஒரு வயர். சக்கரம் சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கிப் போய்விடாமல், விட்டு விட்டுப் பிடிக்க வைப்பது ஏபிஎஸ். அந்த ஏபிஎஸ்ஸுக்குக் கண் இது. கண் போனால் ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொள்ளும், மீட்டர் போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். நான் இல்லை, பார்த்து ஓட்டு என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் ஓர் உயிர் போயிருக்கிறது என்பதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தான்.

மணி ஒன்றரை. மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆள் செத்த விபத்தென்றால் வண்டியைப் போலீஸ் பிடித்து வைக்கும், ஆர்டிஓ ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து வண்டியைப் பார்த்து, கோளாறினால் நடந்ததா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அவருக்கு என்ன பெரிய உத்தியோகப் பேர் இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். இடம் ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள மைதானம். மைதானம் என்பது பேருக்குத்தான். பிடித்து வந்த வண்டிகளை நிறுத்திவிட்டு மறந்துபோகிற இடம். மணல் லாரி ஒன்றின் டயர்கள் பாதி மண்ணுக்குள் போயிருந்தன. வரிசையாகச் சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிள்களின் மேல் கோவைக்கொடி ஏறிப் பழம்கூடப் பழுத்திருந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஐப்பசித் தூறலில், பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன இந்த வேன் பால் சொசைட்டித் திருப்பத்தில் ராமாத்தாள் என்கிற அம்மாவை அடித்தது. ஐம்பத்தெட்டு வயது. பாலை ஊற்றிவிட்டுக் காலித் தூக்குப்போசியோடு ரோட்டைக் கடந்தவர். ஓட்டியது தேவராசு, வெள்ளியங்கிரியின் தங்கச்சி சாந்தாமணியின் வீட்டுக்காரன். பதினாறு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவன், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே விட்டிருக்கிறார்கள். "பிரேக்கை ஏறி மிதிச்சனுங்க சார், ஸ்டீயரிங்கையும் ஒடிச்சனுங்க, வண்டி கேக்கவே இல்லீங்க, வழுக்கீட்டு நேராப் போயிருச்சுங்க" என்று முதல் நாளிலிருந்து ஒரே பேச்சு. எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்வான் என்று சொல்லிக்கொண்டே எழுதினாராம் ஸ்டேஷன் ரைட்டர். தேவராசு சொன்னதில் ஓரெழுத்துகூடப் பொய்யில்லை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர், டயருக்குக் காற்றுப் பார்க்க ஆள் வருவான் என்று ஸ்டேஷனில் சொல்லிவைத்திருந்த வேன் முதலாளி ஈஸ்வரமூர்த்தி. இன்னொருவன் சாக்கின் மேல் உட்கார்ந்து சென்சாரைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துக்கொண்டிருந்தான்.

ஊறட்டும். ஐந்து நிமிஷம் ஊறவேண்டும். இந்த ஐந்து நிமிஷம்தான் மோசம். கைக்கு வேலை இல்லாவிட்டால் மண்டை வேலையை ஆரம்பித்துவிடும். ஆனி மாதம். வண்டி ஓடத் தகுதி என்று ஆர்டிஓ ஆபீஸில் வாங்குகிற எஃப்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மஞ்சள் விளக்கு எரிகிறது என்று தேவராசுதான் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் இடது முன் சக்கரத்து சென்சார். கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், பத்து நாள் ஆகும். விளக்கு எரிந்தால் எஃப்சி கிடையாது, எஃப்சி இல்லாவிட்டால் கம்பெனி வண்டியை எடுக்காது. "எப்படியாச்சும் வெளக்கு அணையோணும் வெள்ளிங்கிரி, அப்பறம் பொறுமையா மாத்திக்கலாம்" என்று ஈஸ்வரமூர்த்தி போனில் சொன்னார். அணைப்பதா கஷ்டம்? மீட்டர் போர்டைக் கழற்றி, ஏபிஎஸ் விளக்குக்குப் போகிற வயரை வெட்டி, பக்கத்திலிருந்த ஆயில் விளக்கின் வயரோடு முறுக்கி டேப்பைச் சுற்றினான். சாவியைத் திருப்பினால் இரண்டும் எரியும், இஞ்சின் ஓடினால் இரண்டும் சேர்ந்து அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்கு. இந்த வட்டாரத்தில் பாதி வண்டியில் இந்தக் கைவேலை உண்டு. பிழைக்கத் தெரிந்த மெக்கானிக் செய்வதுதான், நாம் மட்டுமா செய்தோம் என்று இங்கே வழக்கமாக ஒரு தடவை சொல்லிக்கொண்டான். சாயங்காலம் தேவராசு வந்து, "செரியாப் போச்சுங்களா மச்சான்?" என்று கேட்டான். "செரி பண்ணியாச்சு மாப்பிள்ளை, எடுத்துட்டுப் போங்க." இந்த இடத்துக்கு வந்ததும் மண்டை சிக்கிக்கொள்ளும். எத்தனை தடவை வந்தாலும் இங்கேதான் சிக்கும். ஒரு வாய் வார்த்தை. ஏபிஎஸ் இல்லை மாப்பிள்ளை, மழையில் பார்த்து ஓட்டுங்க. வாயிலிருந்து விழுந்திருந்தால் தேவராசு முப்பதில் போயிருப்பான். ஏன் சொல்லவில்லை? சொன்னால் வண்டியை எடுக்க மாட்டான், சரி பண்ணிக் கொடுத்தால்தான் ஓட்டுவேன் என்று முதலாளியிடம் போய் நிற்பான், அப்படிப்பட்ட ஆள், ஒழுங்கு மயிரெல்லாம் பார்க்கிற ஆள். அதனால் சொல்லவில்லை. இல்லை, அதுகூட இல்லை. அன்றைக்கு இன்னும் இரண்டு வண்டி நின்றது, பசி, சீக்கிரம் அனுப்பினால் போதும் என்றிருந்தது. இவ்வளவு அற்பமான காரணத்துக்கு ஒரு அம்மா செத்துப்போக முடியுமா? முடிந்திருக்கிறதே.

சரி, பத்து நாள் கழித்து சென்சார் வந்ததே, அப்போது? வந்தது. பட்டறை அலமாரியில் மேல்தட்டில் வைத்தான். வேன் இரண்டு ஷிப்ட் ஓடியது, பட்டறைக்கு வரவே இல்லை. இவனும் மறந்துபோனான். மறந்துபோனான் என்பதும் சும்மா. கிரீஸ் டப்பா எடுக்கும்போதெல்லாம் அந்த நீல அட்டைப்பெட்டி கண்ணில் படத்தான் செய்தது, மாப்பிள்ளையை ஒரு நாள் வரச்சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கத்தான் செய்தான். தங்கச்சி வீட்டில் ஆடி பதினெட்டுக்கு உட்கார்ந்து சாப்பிட்டபோதுகூட நினைப்பு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டு இன்னொரு கரண்டி பச்சைப்பயறுக் குழம்பு வாங்கிக்கொண்டான். பிளையரால் சென்சாரின் தலையைப் பிடித்து லேசாக இடமும் வலமுமாகத் திருகினான். அசைகிறது. இன்னும் கொஞ்சம். மெதுவாக, மெதுவாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று ஒரு சத்தம். தலை மட்டும் பிளையரில் வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. வெள்ளியங்கிரி சிரித்துவிட்டான். சிரிப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஸ்டேஷன் ஜன்னலிலிருந்து கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒரு நொடி நிறுத்தி இவனைப் பார்த்துவிட்டு மறுபடி கத்த ஆரம்பித்தார். இப்படியே விட்டுவிடலாம். முடியவில்லை, உடைந்துவிட்டது, முதலாளியிடம் சொல்லிவிடலாம். இன்ஸ்பெக்டர் வருவார், சக்கரத்துக்குள் டார்ச் அடிப்பார், சென்சார் உடைந்திருக்கிறது என்று எழுதுவார். எழுதட்டும். யார் கையும் இல்லாமல் தானாக நடந்தது போல நடந்துவிடட்டும். ஆனால் கை, பாழாய்ப்போன கை, அதற்குள் பெட்டியிலிருந்து நீளமான ஒரு ஸ்குருவை எடுத்து, உள்ளே நின்ற பிளாஸ்டிக்கின் நடுவில் வைத்துத் திருக ஆரம்பித்திருந்தது. தலை உடைந்த சென்சாரை எப்படி எடுப்பது என்று அதற்குத் தெரியும். தெரிந்த வேலையைச் செய்யாமலிருக்க அதற்குத் தெரியாது.

போன் அடித்தது. சாந்தாமணி. எடுக்காமலிருந்தால் திரும்பத் திரும்ப அடிப்பாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"ஏனுங்ணா, எங்க இருக்கறீங்க?"

"வேலையா இருக்கறேன் சாமி. சொல்லு."

"இன்னிக்கு மூணு மணிக்குத்தான பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு? வக்கீல் வூட்டு குமாஸ்தா சொன்னாருங்ணா. வண்டில கோளாறுன்னு அவரு எழுதிக் குடுத்துட்டா உங்க மாப்பிள்ளை மேல தப்பில்லீன்னு ஆயிருமாமா. நீங்க பக்கத்துலயே நில்லுங்ணா. அந்தாளு மேலாப்புல பாத்துட்டுப் போயிருவாரு. நீங்கதான் இங்க பாருங்க சார், அங்க பாருங்க சார்னு எடுத்துக் காட்டோணும். உங்களுக்குத் தெரியாத கோளாறா?"

"ம்."

"இவரு சோறு திங்கறதில்லீங்ணா. மிதிச்சேன் சாந்தா, மிதிச்சேன் சாந்தான்னு அதையே பேசிக்கிட்டு இருக்கறாரு. நான் நம்பறேன். நீங்களும் நம்பறீங்க இல்லீங்ணா?"

"நம்பாம? போனை வை, கையெல்லாம் கிரீஸ்."

நம்புகிறான். கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் செய்வான், மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார் என்று. உலகத்தில் அவனைப்போல அதை நம்புகிறவன் வேறு யார்? ஸ்குரு உள்ளே நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிளையரால் கவ்வி இழுத்தான். வரவில்லை. ஒரு பக்கம் ஸ்குருடிரைவரைக் கொடுத்து நெம்பினான். சரி, ஏபிஎஸ் இருந்திருந்தால் மட்டும் வேன் நின்றிருக்குமா? தூறல், ரோட்டில் ஆயில் கசிவு, நாற்பது ஸ்பீடு, முப்பதடி தூரத்தில் அந்த அம்மா. நின்றிருக்காது. கடவுள் வந்து மிதித்தாலும் நிற்காது. இந்த முடிவுக்கு வந்ததும் ஒரு நிம்மதி வரும், ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்கு இருக்கும். அப்புறம், நிற்காது சரி, திரும்பியிருக்குமே என்று இன்னொன்று வரும். பூட்டிக்கொண்ட சக்கரம் எந்தப் பக்கம் ஒடித்தாலும் நேராகத்தான் போகும், உருளுகிற சக்கரம்தான் சொன்ன பக்கம் திரும்பும், அதற்காகத்தானே இந்த ஏபிஎஸ் என்கிற எழவையே கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை ஒடித்தார். வலப்பக்கம் ஒடித்தேன் என்கிறார். வலப்பக்கம் சொசைட்டியின் திட்டு இருக்கிறது, காலையில் ஆள் யாரும் இல்லை, திட்டில் ஏறி வேன் நின்றிருக்கும், பம்பர் போயிருக்கும், ராமாத்தாள் வாயில் வந்தபடி நாலு திட்டு திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இல்லை, நேரம் போதாது, முப்பதடிதானே. முப்பதடிதானா? நாற்பது அடி இருக்குமா? நேற்று அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தாமலேயே கண்ணால் அளந்து பார்த்தான். சாலையில் ஒன்றும் இல்லை. மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. நின்றிருக்குமா நின்றிருக்காதா என்று சொல்ல இனி ஒரு ஆள் இல்லை, சாகிற வரைக்கும் இது இப்படியே அளந்து அளந்து போய்க்கொண்டிருக்கும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து உடைந்த துண்டு முழுசாக வெளியே வந்தது.

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே சொரசொரவென்று துரு. மணல் காகிதத்தைச் சுருட்டித் தேய்த்தான். ஈஸ்வரமூர்த்தி நேற்று பட்டறைக்கே வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "நல்லா ரோசன பண்ணு வெள்ளிங்கிரி. வண்டில கோளாறு, அதும் தெரிஞ்சே மறச்சதுன்னு வந்துச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையக் கழுவிப் போடுவான். அந்தம்மா குடும்பத்துக்கு நயா பைசா போவாது. நான் உள்ள, நீ உள்ள. டிரைவர் தப்புன்னா என்ன? வக்கீல் நான் வெக்கறேன். கேசு ஓடும், நாலு வருசம் ஓடும். உம்பட மாப்பிள்ளைக்கு வேற வேல நான் குடுக்கறேன்." அப்போதுதான் வெள்ளியங்கிரிக்கு உறைத்தது, மாப்பிள்ளை இனி வண்டி ஓட்டப்போவதில்லை என்று. ஈஸ்வரமூர்த்தி சொன்னதில் நியாயமும் இருக்கிறது, அதுதான் கொடுமை. நியாயமே இல்லாமல் பேசியிருந்தால் செருப்பால் அடிப்பேன் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். ராமாத்தாள் குடும்பத்துக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு தன்னிடமே பொய் சொல்ல முடியவில்லை. பயம். வேறு எந்தப் பேரும் அதற்குப் பொருந்தாது. தன்னை உள்ளே வைத்துவிடுவார்கள் என்கிற பயம், பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்கும் என்கிற பயம், ப்ளஸ் டூ படிக்கிற மகள் பள்ளிக்கூடத்தில் தலை குனிவாள் என்கிற பயம், எல்லாவற்றையும்விட, சாந்தாமணி ஒரு தடவை நிமிர்ந்து தன்னைப் பார்ப்பாளே என்கிற பயம். கல்யாணத்தன்று மணவறையில் மாப்பிள்ளை கையையும் பெண்ணின் அண்ணன் கையையும் கோத்துவைக்கிற சீர் ஒன்று உண்டு. தேவராசின் கை அன்றைக்கு வேர்த்து நசநசத்தது. இந்த ஆள் பயந்த சுபாவம் போலிருக்கிறது, தங்கச்சியை அதட்டமாட்டான், நல்லது என்று அப்போது நினைத்தான். பயந்தவன் யாரென்று இப்போதல்லவா தெரிகிறது.

நீல அட்டைப்பெட்டியைப் பிரித்தான். புது சென்சார் பளபளவென்று கறுப்பாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. ஓட்டைக்குள் லேசாக கிரீஸ் தடவி வைத்து அமுக்கினான். சிணுங்காமல் போய் உட்கார்ந்தது. போல்ட்டை ஏற்றினான். வயரைப் பழைய தடத்திலேயே கிளிப்புகளில் மாட்டி, மேலே கொண்டுபோய்ச் சொருகினான். டிக்கென்று பிடித்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். வம்பாகிவிட்டது. சுற்றிலும் துரு, சேறு, பழைய கிரீஸ். நடுவில் இது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி. குருடன்கூடக் கண்டுபிடிப்பான். சக்கரத்தின் உள்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்து, கொஞ்சம் பழைய கிரீஸோடு உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, சென்சாரின் தலையிலும் வயரிலும் தடவினான். ஒரே மாதிரி தடவக்கூடாது, மேல்பக்கம் கொஞ்சம், அடியில் அதிகம், வயரில் விட்டு விட்டு. மேலே ஒரு பிடி மண்ணை ஊதினான். போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்டு மின்னிய இடத்துக்கும் கொஞ்சம். மறுபடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். அருமையாக வந்திருந்தது. வாங்கின நாளிலிருந்து அங்கேயே கிடப்பது மாதிரி. அடடா என்று தனக்குள் ஒரு சின்னத் திருப்தி வந்ததும், அது என்ன திருப்தி என்று புரிந்ததும், கையிலிருந்த மண்ணைப் பேண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். இந்தச் சேறு எந்த இடத்துச் சேறு? சனிக்கிழமைக்கு அப்புறம் வேன் ஓடவில்லை. அதற்கு மேல் அந்த வழியில் மனசைப் போகவிடாமல் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, ஜாக்கியை இறக்கினான்.

மீட்டர் போர்டு இன்னும் இருக்கிறது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் உயரத்துக்கு வைத்த சீட், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. கண்ணாடியில் விரிசல், வைப்பருக்கடியில் ஒரு வேப்பிலைக் கொத்து வாடிக் கிடந்தது. இரண்டு ஸ்குருவைக் கழற்றி மீட்டரை முன்னால் சாய்த்தான். தன் கைவேலை அங்கேயே இருந்தது, சுற்றின டேப் சுற்றினபடி. தேவராசு நாலு மாதமாக தினமும் இரண்டு வேளை இதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறான். சாவியைத் திருப்பியிருப்பான், விளக்குகள் எரிந்து அணைவதைப் பார்த்திருப்பான். டிரைவர்கள் பார்ப்பார்கள், அதுவும் இவன் நிச்சயம் பார்ப்பான், எல்லாம் சரியாக இருக்கிறது, மச்சான் பார்த்த வண்டி என்று. டேப்பைப் பிரித்தான். வயரைப் பழைய இடத்தில் சேர்த்து ஈயம் வைத்து, மீட்டரைத் திரும்பப் பொருத்தினான். ஸ்கேனரைச் சொருகியதும் அது நேராகக் காட்டியது. இடது முன் சக்கரம், இணைப்பு இல்லை, பழைய பதிவு. எத்தனை தடவை சாவி போட்டபோது அந்தக் கோளாறு இருந்தது என்றுகூட உள்ளே கணக்கு இருந்தது. முந்நூற்றுச் சொச்சம். மனுஷனுக்குத்தான் மறதி, இதற்கு இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்கேனர் கொண்டுவந்து மாட்டினால் போதும், தேவராசு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். அழிக்கவா என்று ஸ்கேனர் கேட்டது. இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இதை மட்டும் அழிக்காமல் விடலாம். யாருக்கும் தெரியாது, தான் சொன்னதாக இருக்காது, மெஷின் சொன்னதாக இருக்கும். விரலை எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடலாம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான், அல்லது அப்படி அவனுக்குத் தோன்றியது. ஸ்டேஷன் முன்பக்கம் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தத்தில் விரல் தானாக அமுக்கிவிட்டது என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை, பார்த்துத்தான் அமுக்கினான். பதிவு ஏதுமில்லை என்று வந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், நாற்பது வயதுகூட இருக்காது, தொண்டை கட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் ரைட்டர். ரைட்டருக்குப் பின்னால், கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தேவராசு. மூன்று நாளில் சட்டைக்குள் ஆள் சுருங்கியிருந்தான். இன்ஸ்பெக்டர் வேனைச் சுற்றி வந்தார். நசுங்கிய முன்பக்கத்தைப் பார்த்தார், நாலு சக்கரத்துக்கும் டார்ச் அடித்தார். இடது முன் சக்கரத்தில் டார்ச் வெளிச்சம் ஒரு நொடி நின்றது, நகர்ந்தது.

"மெக்கானிக் யாருப்பா? வண்டில கை கிய் வெச்சியா?"

"டயருக்குக் காத்துதானுங்க சார் பாத்தேன். வேறொண்ணும் இல்லீங்க."

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன, இஞ்சின் ஓடியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் வேனைத் திருப்பி, ஈரத்தரையில் வேகமெடுத்து வந்து ஓங்கி மிதித்தார். கடகடவென்று அடியில் ஒரு அதிர்வு கேட்டது, கோடு போட்ட மாதிரி வேன் நேராக நின்றது. மறுபடி போனார். இந்தத் தடவை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். சேற்றில் வேன் சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பி, மணல் லாரிக்கு முன்னால் ஒதுங்கி நின்றது. இறங்கி வந்து பானட்டின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். "வண்டியில ஒண்ணுமில்லய்யா" என்று ரைட்டரிடம் சொன்னார். எழுதி முடித்ததும் இரண்டு பேரும் கையெழுத்துக்காக உள்ளே போனார்கள்.

தேவராசு வேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளியங்கிரி ஸ்பேனர்களைப் பெட்டியில் போடுவதாகப் பாவனை செய்துகொண்டு, போட்டதையே எடுத்து மறுபடி போட்டான்.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நல்லா நிக்குதுங்க."

"ம்."

"அவரு ஒடிச்சாரு, திரும்புச்சு, பாத்தீங்களா? நீங்க அன்னிக்கே செரி பண்ணிக் குடுத்த வண்டி. எனக்கு அது தெரியுமுங்க. இருந்தாலும் ஒரு வேளை ஏதாச்சும் இருக்குமோன்னு இருந்தனுங்க. அப்ப நான் மிதிக்கவே இல்லீங்களா மச்சான்?"

இப்போது சொல்லலாம். தாளில் கையெழுத்து இன்னும் ஆகியிருக்காது, உள்ளே பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பத்தடி நடந்தால் போதும். மிதித்தீர்கள் மாப்பிள்ளை, நன்றாக ஏறி மிதித்தீர்கள், நான்தான் என்று சொற்கள் எல்லாம் வரிசையாக நாக்கு வரைக்கும் வந்து நின்றன. தேவராசு அவன் முகத்தையே பார்த்தான். சாமி கொடுக்கிற வாக்குக்குக் காத்திருக்கிறவன் பார்ப்பதுபோல, எது சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக.

"பதட்டத்துல கால் மாறியிருக்கும் மாப்பிள்ளை," என்றான் வெள்ளியங்கிரி. "பெரிய பெரிய டிரைவருக்கே ஆகறதுதான். மிதிச்ச மாதிரியேதான் தோணும்."

தேவராசு தலையை ஆட்டினான். இரண்டு மூன்று தடவை ஆட்டினான். மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த எதையோ விட்டுவிட்ட மாதிரி அவன் தோள் இறங்கியது.

"நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும். சாந்தாகிட்ட நானே சொல்லிப்போடறேன், அவ வேற உங்களைப் போட்டு நச்சிக்கிட்டிருப்பா. அந்தம்மா வூட்டுக்கு ஒருக்காப் போகோணுமுங்க மச்சான். இத்தன நாளு வண்டி மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்துட்டேன். எம்மேலதான் தப்புன்னு நேர்ல சொல்லிக் கால்ல உழுந்துட்டு வந்துரலாமுங்க. தனியாப் போறக்குப் பயமா இருக்குது. நீங்க கூட வர்றீங்களா?"

"வர்றேன் மாப்பிள்ளை," என்றான் வெள்ளியங்கிரி.